தாடியோடு பதிந்த முகங்கள்

“...இல்ல சாரே, சாமியா இருந்தப்ப சொன்னது ஒண்ணு, சாரா ஆனப்பொறவு சொல்லுகது வேற ஒண்ணா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும். நான் உள்ளயா, வெளியயா?”

இப்படிக் கேட்டவர் எங்கள் கட்டிடத்துக்குச் சாயா கொண்டுவரும் அக்கா. கேட்ட இடம் நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்கு எதிரே உள்ள அந்தக் கட்டிடத்தின் வாசல். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவருடைய வலது கையில் சாயா நிறைந்த கெட்டில், இடது கையில் கிளாஸ்கள் அடுக்கிய கம்பித் தூக்கு. அவர் கேட்டது எங்கள் வாடகைக்காரர் சங்கத் தலைவரிடம். தலைவருக்குப் பின்னால், புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு, நானும் இன்னொருவரும் நின்றிருந்தோம். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. கதவோரச் சுவரில் இருந்த கருவிக்கு எங்கள் மூன்று பேரையும் யாரென்று தெரியவில்லை.

அந்தக் கருவியைத் தேடி, ஆராய்ந்து, வாதாடி, தேர்ந்தெடுத்து வாங்கியவர்களே நாங்கள்தான். அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கட்டிடத்தின் முதல் மாடியில் எனக்கு டைப்பிங், ஃபோட்டோகாப்பி வேலைக்கு ஒரு அறை உண்டு. வீடு பாறசாலைக்குப் பக்கம். விடிகாலையில் எனக்கிருக்கும் கொஞ்சம் ரப்பர் மரங்களில் பட்டை சீவி, பால் எடுத்து வைத்துவிட்டு ரயிலில் வந்துவிடுவேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ரயிலிலும் சாயாக்கடையிலும் வரிசையிலும் ஆட்கள் பேசக் கேட்டுப் படித்ததுதான். யாராவது ஒரு பேச்சை அழகாகப் போட்டுவிட்டால் அது என்மேல் ரப்பர் பால் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அன்று முழுவதும் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிவேன். “இந்த அண்ணனுக்க வாயில சுவிச்சு வைக்க மறந்திட்டாவ” என்று என்னைப் பற்றி அந்தச் சாயா அக்கா ஒருமுறை சொன்னார். அதையும் ஊர் முழுக்கச் சொன்னவன் நான்தான். பேசுவான் என்ற ஒரே தகுதியில் என்னைச் சங்கத்தின் செயலாளராக்கியிருந்தார்கள்.

இனி பல்லுக்கு வருகிறேன்.

எங்கள் கட்டிடத்துக்குக் கதவு உண்டு, ஆனால் பகலில் அதை யாரும் சாத்திப் பார்த்ததில்லை. காலையில் முதலில் வருகிறவர் திறந்து ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார். மாலையில் கடைசியாகப் போகிறவர் கல்லை எடுப்பார். எதிரே கோர்ட். வழக்குக்கு வந்தவர்கள் தங்கள் பெயர் கூப்பிடும்வரை எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து சோற்றுப் பொதி பிரிப்பார்கள். எங்கள் கழிவறைக்கு வருவார்கள். மழை வந்தால் வராந்தா முழுக்கக் குடைகள் விரிந்து காயும். எங்களுக்கு அது பழக்கமாகிவிட்டது. இரண்டாம் மாடியில் இருக்கிற பல் டாக்டரம்மாவுக்குத்தான் கொஞ்சம் சங்கடம், காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் பல்வலிக்காரர், யார் வழக்குக்காரர் என்று தெரியாது.

ஒருநாள் பெருங்கடவிளைப் பக்கத்திலிருந்து எல்லைத் தகராறு வழக்குக்கு வந்த ஒருவர், வெயிலுக்கு ஃபேன் காற்று நன்றாக இருக்கிறதே என்று டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்தார். நர்ஸ் வந்து “அடுத்த ஆளு” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். எழுந்து போய்விட்டார். படுக்கச் சொன்னார்கள், படுத்தார். வாயைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தார். டாக்டரம்மா ஒரு சொத்தையைக் கண்டுபிடித்து, சுரண்டி, அடைத்தும் முடித்த பிறகுதான் அவர் வாய் திறந்து தான் யாரென்று சொன்னார்.

“பின்ன ஏன் முதல்லயே சொல்லல்ல?” என்று நான் கேட்டேன்.

“கோர்ட்டுக்கு எதுக்க உள்ள கட்டடம் இல்லியா. எது சொன்னாலும் செய்து குடுக்கணும்னு நினைச்சேன்,” என்றார். அடைத்த பக்கம் மரத்திருந்ததால் வார்த்தை ஒருபக்கமாகச் சாய்ந்து வந்தது. அதற்குள் கோர்ட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

நாங்கள் சிரித்தோம். தலைவர் சிரிக்கவில்லை. அவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மூன்றாம் மாடியில் வரிக்கணக்கு பார்த்துக் கொடுக்கிறவர். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘சார்’. “இண்ணைக்கு பல்லு. நாளைக்கு ஒருத்தன் வந்து எனக்க நாற்காலியில இருப்பான், ஆளுங்க வந்து அவன்கிட்ட வரி கட்டுவாவ. இனி கதவுக்குப் பூட்டு வேணும். ஆளத் தெரிஞ்சு திறக்கிய பூட்டு ஆக்கும் வேணும்,” என்றார்.

அதன்படி திருவனந்தபுரத்திலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். டை கட்டியிருந்தார். தன் பையில் இருந்து ஒரு பலகையை எடுத்து மேசையில் நிறுத்தினார். பலகையில் மூன்று கருவிகள். ஒன்று அட்டை காட்டினால் திறக்கும், ஒன்று விரல் வைத்தால் திறக்கும், ஒன்று முகம் பார்த்தால் திறக்கும். வெளியாட்கள் வாசலில் மணி அடிக்க வேண்டும். எந்த அலுவலகத்துக்கு வந்தார்களோ அந்த அலுவலகத்தில் ஒரு பொத்தானை அமுக்கி உள்ளே விட வேண்டும். உள்ளே இருந்து வெளியே போகவும் ஒரு பொத்தான். இவ்வளவுதான் விஷயம். மூன்றையும் பரிசோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

முதலில் விரல். கீழ்த்தளத்தில் நிலப் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஆதாரம் என்றால் எங்கள் பக்கம் நிலப் பத்திரம், அதனால் அவர் ஆதாரக்காரர். நாள் முழுவதும் ஆட்களின் பெருவிரலை மையில் உருட்டி உருட்டி அவர் விரல்களும் நாவல்பழம் தின்ற நாக்கு போல இருக்கும். அவர் விரலை வைத்தார். கருவி சிவப்பு காட்டியது. நான் வைத்தேன். விடிகாலையில் ரப்பர் பால் பட்டுக் காய்ந்து, உரித்து, மறுநாளும் பட்டுக் காய்ந்த விரல். அதற்கும் சிவப்பு. வீட்டில் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்திருக்கிற தலைவருக்கும் சிவப்பு. “சாரே, நம்ம மூணு பேரும் இந்த உலகத்தில இல்லன்னு ஆக்கும் இது சொல்லுகது,” என்றார் ஆதாரக்காரர். டாக்டரம்மாவின் விரலை மட்டும் அது உடனே எடுத்துக்கொண்டது. அவர் எந்நேரமும் கையுறைக்குள் இருக்கிறவர்.

அடுத்தது அட்டை. கதவுக்குக் காந்தப் பூட்டு வைத்து, எல்லோருக்கும் ஒரு அட்டை கொடுத்து, ஒரு வாரம் பழகிப் பாருங்கள் என்று விட்டுப் போனார் விற்பனைக்காரர். அந்த வாரம் முழுவதும் கதவு அழுதது. கதவைக் கொஞ்ச நேரத்துக்கு மேல் திறந்து பிடித்தால் அது கூவும்படி வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கோ பின்னால் ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் கதவை விட்டுவிட்டுப் போக முடியாது. பின்னால் வருகிறவர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாலும் சரி, பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்குகிறவரானாலும் சரி, கதவைப் பிடித்துக்கொண்டு “வாங்க, வாங்க, பைய வாங்க” என்று நிற்பார்கள். வருகிறவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்காகப் பிடிப்பார். கதவு கூவிக்கொண்டே இருக்கும்.

வாரக் கடைசியில் விற்பனைக்காரர் வந்து கருவியின் கணக்கைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு, “இந்தக் கட்டிடத்தில் பாதிப்பேர் ஒரு நாளும் வேலைக்கு வரவில்லை என்று காட்டுகிறது,” என்று மலையாளத்தில் சொன்னார். முன்னால் போகிறவர் தான் நுழைந்ததும் கதவைச் சாத்திவிட வேண்டும், பின்னால் வருகிறவர் தன் அட்டையைக் காட்டித் திறக்க வேண்டும், அதுதான் முறை என்று பொறுமையாக விளக்கினார்.

“பின்ன வாறது எனக்க மச்சினன்னா?” என்று ஆதாரக்காரர் கேட்டார்.

“மச்சினனானாலும் சாத்த வேண்டும்.”

“அவனுக்க மூஞ்சிக்கு நேர கதவச் சாத்தணும். செரி. அவனுக்க மக கல்யாணத்துக்கு எனக்குப் பதிலா நீரு போவும்.”

அட்டையும் போயிற்று. மீதி இருந்தது முகம்.

முகக் கருவிக்கு நான் ஆதரவாகப் பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது. சாயா அக்கா அதியன்னூரிலிருந்து வருகிறவர். முன்பு கோர்ட் ரோட்டில் பல கட்டிடங்களுக்கு ஏறி இறங்குவார். ஒவ்வொன்றிலும் ஒரு மின்சாரக் கெட்டிலோ, பொத்தான் அமுக்கினால் சாயா வரும் மெஷினோ வந்து சேர, கடைசியில் எங்கள் கட்டிடம்தான் மிஞ்சியிருந்தது. காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, மூன்று மாடியும் ஏறி, யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு இஞ்சி வேண்டும் என்று ஒருமுறையும் கேட்காமல் ஊற்றிவிட்டுப் போவார். எங்கள் கதவு சாத்தினால் அவர் அடுப்புக்கு வேலை இல்லை. அட்டை வாரத்தில் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இரண்டு கையும் நிறைந்திருக்கும். முழங்கையால் மணி அடிப்பார். மணிச் சத்தம் கேட்டு, டாக்டரம்மாவின் நர்ஸ் நான் திறப்பேன் என்று நினைப்பாள், நான் நர்ஸ் திறப்பாள் என்று நினைப்பேன். அவர் மேலே வரும்போது சாயாவில் ஆடை படிந்திருக்கும்.

“அண்ணா, ஆறின சாயாவ எனக்க கையால குடுக்கது எனக்கே வெக்கமாட்டு இருக்கு,” என்று அன்று என்னிடம் சொன்னார். அவர் வருத்தப்பட்டுச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லித் திரியவில்லை.

முகம் என்றால் கை வேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் போதும். ஆகவே கூட்டத்தில் நான் முகம் முகம் என்று பேசி, மற்றவர்களும் விரலிலும் அட்டையிலும் பட்டது போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். அடுத்து, யார் யார் முகத்தைப் பதிவது என்று பேச்சு வந்தது.

“வாடகைக்காரங்க, அவங்கட்ட வேலை செய்யியவங்க. அவ்வளவுதான்,” என்றார் தலைவர்.

“சாயா அக்கா?” என்றேன்.

“சாயாவுக்கு மெஷின் வாங்கலாம்னு நினைக்கேன். பட்டன அமுக்கினா சாயா. வெளியாள உள்ள விடக்கூடாதுன்னு இவ்வளவும் செய்திட்டு, பின்ன அதில ஒரு வெளியாளுக்க முகமா?”

அந்த நேரம் பார்த்து அக்கா சாயாவோடு உள்ளே வந்து நின்றார். பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது மண்டல காலம். தலைவர், ஆதாரக்காரர், நான், இன்னும் ஏழெட்டுப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தோம். கறுப்பு வேட்டி, கழுத்தில் மணிமாலை, நெற்றி நிறையச் சந்தனம், நெஞ்சு வரைக்கும் வளரப் பார்க்கிற தாடி. மாலை போட்டவரை யாரும் பெயர் சொல்லியோ பதவி சொல்லியோ கூப்பிட மாட்டார்கள், எல்லோரும் சாமிதான். மாலை போட்டவரும் கோபப்படக்கூடாது, கடுமையாக ஒன்று சொல்லிவிடக்கூடாது. எங்கள் தலைவருக்கு விரதத்தில் சாப்பாட்டைவிட இதுதான் கஷ்டம். தாடிக்குள் அவர் பல்லைக் கடிப்பது சில சமயம் தாடி அசைவதில் தெரியும்.

அக்கா தூக்கைக் கீழே வைக்காமல், “சாமி, எனக்க மூஞ்சி அந்தப் பெட்டிக்குள்ள கொள்ளுமா?” என்று கேட்டார்.

தாடி அசைந்தது. “கொள்ளும் அம்மா. வந்து நில்லும்,” என்றார் சாமி.

அன்றைக்கே எல்லோருடைய முகத்தையும் பதிந்தார்கள். ஆதாரக்காரர் சந்தனத்தைச் சரிசெய்துகொண்டு நின்றார். டாக்டரம்மா கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து இறங்கி வந்து நின்றார். அக்காவின் முறை வந்தபோது விற்பனைக்காரர் கெட்டிலைக் கீழே வைக்கச் சொன்னார். “நான் எப்பளும் இதோடத்தான் வருவேன். அதுக்கும் என்ன இப்பிடியே பழகட்டும்,” என்று சொல்லிக் கெட்டிலும் கையுமாகவே பார்த்தார். கருவி பச்சை காட்டியது. போகும்போது விற்பனைக்காரர், முகத்தில் ஏதாவது பெரிய மாறுதல் செய்தால் திரும்பவும் பதிய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னார். அப்போது நாங்கள் கதவு திறக்கும் அழகை ஆளுக்கொரு முறை பார்த்துக்கொண்டிருந்தோம். அவசரத்துக்கு என்று அவர் கொடுத்த ஒரு சாவியைத் தலைவர் வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று மூன்றாம் மாடியில் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு கல்லை யாரோ தூக்கித் தென்னைமரத்தடியில் போட்டுவிட்டார்கள்.

சில நாட்கள் எல்லாம் நன்றாக நடந்தது. வந்தவர் நிமிர்ந்து பார்ப்பார், கதவு திறக்கும். கூவல் மட்டும் குறையவில்லை. அதற்கு நாங்கள் பழகிவிட்டோம். அக்கா கையிரண்டும் நிறைய வந்து, முகத்தைக் காட்டி, இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். மேலே வரும்போது சாயாவில் ஆவி பறக்கும்.

பிறகு நாங்கள் ஒரு வேன் பிடித்து மலைக்குப் போனோம். தரிசனம் முடிந்து வந்து, மாலை கழற்றி, அவரவர் ஊர் சலூனில் போய் உட்கார்ந்தோம். என் தாடி விழுந்ததும் சலூன்காரர், “இப்பந்தான் ஆளுக்க கோலம் வந்தது,” என்றார். அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மாலை கழற்றியதும் சாமி மறுபடியும் சார் ஆகிவிட்டார். வீட்டில் இருந்தபடியே என்னைப் போனில் கூப்பிட்டார். “சாயா மெஷினுக்க படமும் விவரமும் கிட்டியிருக்கு. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி, நம்ம மூணு பேரும் கூடி முடிச்சிடலாம். அந்த அம்மாவ அண்ணைக்கு மட்டும் சாயா கொண்டு வரச் சொல்லும். அதோட அவங்களுக்க முகத்தையும் அதில இருந்து எடுத்திடலாம்.”

“சாரே, அது நீங்க விரதத்தில சொன்ன வாக்கில்லியா?” என்றேன்.

“விரதத்தில நான் கோபப்படக்கூடாதுன்னு ஆக்கும் சம்மதிச்சது. இப்பம் விரதம் இல்ல.”

அக்காவை நான் போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குச் சாயா வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எதற்குக் கூட்டம் என்று கேட்டார். என்னால் ஒரு விஷயத்தை ஒளிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். நான் பேச்சை இழுத்ததிலேயே புரிந்துகொண்டார். “செரி அண்ணா, வாறேன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலிறங்கி நான் போனபோது ஆதாரக்காரர் கதவுக்கு முன்னால் நின்று கருவிக்கு விதவிதமாக முகம் காட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கம், வலது பக்கம், சிரித்து, சிரிக்காமல். ஒவ்வொரு முறையும் சிவப்பு. ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஆள் தெரியவில்லை என்று சொன்னது.

“எலே, இவளுக்கு என்னத் தெரியல்லியாம். பத்து வருசமா இந்தக் கட்டடத்தில நான் இருக்கேன், இவ வந்து ஒரு மாசம் ஆகல்ல,” என்றார் என்னிடம்.

நான் பார்த்தேன். எனக்கும் சிவப்பு. அப்போதுதான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டும் முட்டை போல இருந்தன.

தலைவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் முகமும் முட்டைதான். கையில் சாயா மெஷினின் வண்ணப் படம் போட்ட காகிதம். விஷயத்தைச் சொன்னோம். நம்பவில்லை. எங்களை விலக்கிவிட்டு, சங்கத் தலைவர் நிற்கிற நிமிர்வோடு கருவியின் முன்னால் நின்றார். அந்தப் பெண்குரல் அவரிடமும் அதையே சொன்னது.

“சாவி?” என்றேன்.

தலைவர் கண்ணாடிக் கதவு வழியாக மேலே போகும் படிக்கட்டைப் பார்த்தார். “எனக்க அலமாரியில,” என்றார்.

முகம் மாறாதவர்களில் பக்கத்தில் இருந்தவர் டாக்டரம்மாதான். ஆனால் அவர் ஆராதனைக்குப் போயிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆராதனை முடிந்து சபையாரோடு நின்று பேசிவிட்டு வர நேரமாகும். விற்பனைக்காரரைக் கூப்பிட்டோம். தாடி எடுத்தீர்களா என்று கேட்டார், திங்கட்கிழமை வருகிறேன் என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆதாரக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருடைய பைக் பெட்டியில் மலைக்குக் கட்டிய கறுப்புத் துண்டு இன்னும் இருந்தது. அதை எடுத்துக் காதிலிருந்து காது வரை தாடைக்குக் கீழே சுற்றி, நுனியைத் தாடி போலத் தொங்கவிட்டுக்கொண்டு கருவியின் முன்னால் நின்றார். சிவப்பு. “சந்தனம் இல்லாததுனால ஆக்கும்,” என்று சொல்லி, துண்டை அவிழ்த்துத் தலைவரிடம் நீட்டினார். “சாரே, நீங்க ஒருக்கா கெட்டிப் பாரும்.”

தலைவர் அந்தத் துண்டைக் கட்டியிருக்க மாட்டார் என்றுதான் வேறு யாராக இருந்தாலும் நினைப்பார்கள். ஆனால் நான் பார்த்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் அதைக் கட்டினார். கண்ணை மூடி, சாமியாக இருந்தபோது வைத்திருந்த சாந்தத்தை முகத்தில் கொண்டுவரப் பார்த்தார். கண்ணைத் திறந்தார். சிவப்பு.

“சாமி, பல்லுவலியா?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சாயா அக்கா.

தலைவர் துண்டை அவிழ்த்தார். ஆதாரக்காரர் நடந்ததைச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் கிளாஸ்கள் தூக்குக்குள் கிலுங்கின.

“நல்ல நேரத்தில வந்தியம்மா,” என்றார் தலைவர். “அதில ஒண்ணு பாரும். நாங்க உள்ள போறோம்.”

அக்கா பார்க்கவில்லை. தலைவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். அதில் பளபளவென்று ஒரு மெஷின், அதன் மூக்கில் இருந்து ஒரு காகிதக் கப்பில் சாயா இறங்கிக்கொண்டிருந்தது.

“இது எந்தா சாரே?”

“அது... ஒரு கம்பெனிக்காரன் தந்தது.”

“எனக்குப் பதிலா வாறவன் ஆக்கும், இல்லியா? செவப்பா, கொள்ளாம், நல்லாத்தான் இருக்கான். இவனுக்கு கையும் வேண்டாம், மூஞ்சியும் வேண்டாம்.” அவர் குரலில் சண்டை இல்லை. எந்த அறையில் யாருக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்கிற அதே குரல். “நான் இதப் பாத்து கதவத் திறந்து விடுவேன். நீங்க உள்ள போய் இருந்து, எனக்க சாயாவக் குடிச்சிட்டு, எனக்க மூஞ்சிய அதில இருந்து எடுக்கணும்னு தீருமானிப்பிய. அப்படி ஆக்குமே காரியம்?”

ஆதாரக்காரர் துண்டை மடிக்கத் தொடங்கினார். மடித்து முடித்ததை மறுபடி விரித்து மடித்தார். நான் அவருக்குத் துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

“வெளியாளுன்னா கதவத் திறக்கது செரியில்ல,” என்றார் அக்கா. “நான் மணியடிச்சிட்டு இங்க நிக்கணும். யாராவது உள்ளயிருந்து திறக்கட்டும்.”

உள்ளே யாரும் இல்லை.

“அம்மா, அது கமிட்டி தீருமானிக்கிய காரியம்...” என்று தலைவர் தொடங்கினார்.

அப்போதுதான் அக்கா அதைக் கேட்டார். முதலில் என்னைப் பார்த்து, “இந்த அண்ணன் முன்ன வச்சு ஆக்கும் அண்ணைக்கு நீங்க வாக்கு தந்தது, இவரு இல்லன்னு சொல்லட்டும்,” என்று தொடங்கினார். நான் இல்லையென்று சொல்லவில்லை. தலைவர் அது விரத காலம், இது வேறு என்று ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குத்தான் அவர், இல்ல சாரே, சாமியாக இருந்தபோது சொன்னது ஒன்று, சாராக ஆன பிறகு சொல்வது வேறொன்றா, நான் உள்ளயா வெளியயா என்று கேட்டது.

தலைவர் கதவைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அதில் அவருக்கு உதவி எதுவும் இருக்கவில்லை. கெட்டில் மூக்கிலிருந்து இஞ்சி மணம் வந்துகொண்டிருந்தது. தலைவருக்கு இஞ்சி போட்ட சாயாதான் பிடிக்கும். அது அந்தக் கெட்டிலுக்கும் தெரியும்.

“உள்ள ஆக்கும்,” என்றார்.

“இது சாமி சொல்லுகதா, சாரு சொல்லுகதா?”

தாடியில்லாத தாடை ஒருமுறை அசைந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார். அந்தக் கட்டிடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. “ரெண்டு பேரும் சேந்து சொல்லுகது. போதுமா?” என்று சொல்லி, காகிதத்தை நாலாக மடித்து ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “அண்ணா, கேட்டியளா?”

“கேட்டேன் அக்கா.”

“நீங்க கேட்டாப் போதும். ஊரு கேட்டமாதிரி ஆக்கும்.”

பிறகு கெட்டிலும் தூக்குமாக இரண்டடி முன்னால் வந்து கருவியை நிமிர்ந்து பார்த்தார். பச்சை விழுந்தது, பூட்டு விட்டது. இடுப்பால் கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைத்தார். அப்படியே போகாமல் திரும்பி, கதவு முழுசாகத் திறக்கும்வரை முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, “கேறுங்க சாமிமாரே, சாயா ஆறுது,” என்றார். நான் ஆதாரக்காரரை முதலில் போகச் சொன்னேன், ஆதாரக்காரர் தலைவரை முதலில் போகச் சொன்னார், தலைவர் எங்கள் இரண்டு பேரையும் போகச் சொன்னார். கதவு கூவத் தொடங்கியது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறி முடியும்வரை அது கூவிக்கொண்டே இருந்தது. அக்கா ஒரு சொட்டும் சிந்தாமல் கெட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகால் கதவைத் தாங்கியபடி நின்றார்.